ரெட்டைப் பாலத்துப் பொம்பாக் கூட்டம்

கிள்ளானிலிருந்து காப்பார் போகிற சாலையில், ஒன்றையடுத்து ஒன்றாக இரண்டு மரப்பாலங்களைத் தாண்டியதும் வருகிற தோட்டத்துக்கு வெள்ளைக்காரன் ஏதோ ஒரு பெயர் வைத்திருந்தான். அது ஆபீஸ் பலகையில் இருந்ததோடு சரி. சனங்களுக்கு அது ரெட்டைப் பாலத் தோட்டம். பால்மரக் காடு, ரப்பர் உலர்த்தும் புகைவீடு, மூன்று லயங்கள், ஒரு மாரியம்மன் கோயில், உமர் ராவுத்தரின் மளிகைக் கடை, ஒரு கள்ளுக்கடை, இவ்வளவுதான் ஊர். இந்த ஊருக்கும் ஒரு பொம்பாக் கூட்டம் இருந்தது என்றால் கோலாலம்பூர்க்காரர்கள் சிரிப்பார்கள். பொம்பா என்பது தீயணைக்கிறவர்களுக்கு மலாய்க்காரர் சொல்லும் பெயர். பட்டணத்து பொம்பாவுக்கு மணி கட்டிய வண்டியும் பித்தளைத் தொப்பியும் உண்டு. ரெட்டைப் பாலத்தில் இருந்ததெல்லாம் மண்ணெண்ணெய் டின்களும் மூங்கில் கொக்கிகளும்தான். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும்.

அதை உண்டாக்கியவன் கன்னையா. தோட்டத்துக்கு வருவதற்கு முன்னால் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே கொட்டகையில் கரி அள்ளிக்கொண்டிருந்தவன். அங்கே அத்தாப்புக் கூரைகள் பற்றிக்கொண்டால் பட்டணத்து ஆட்கள் என்ன செய்வார்கள் என்று நின்று பார்த்திருக்கிறான். ஜெர்மன் சண்டை முடிந்து கொஞ்ச காலத்தில் ரெட்டைப் பாலத்துக் கீழ் லயம் எரிந்தது. அத்தாப்பு, காய்ந்த பனையோலைக்கு அண்ணன். ஒரு முனையில் பிடித்த தீ மறுமுனைக்குப் போவதற்குள் சனங்கள் ஆளுக்கொரு செம்பும் குடமுமாக ஓடி, ஒருவர்மேல் ஒருவர் மோதி, ஒரு வீட்டையும் காப்பாற்றவில்லை. ஊரிலிருந்து கப்பலில் கொண்டுவந்த தகரப் பெட்டிகள் கருகிக் கிடந்ததைப் பார்த்துப் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டார்கள்.

மறுவாரமே கன்னையா உமர் ராவுத்தரிடம் போய்க் காலி டின் கேட்டான். ரயில்வே கொட்டகையில் இருந்த பழைய கூட்டாளிகளிடம் சொல்லி இரும்புக் கொக்கிகள் அடித்து வாங்கி மூங்கில் கழிகளில் மாட்டினான். கோயில் வாசல் மரத்தில் ஒரு தண்டவாளத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டான். தீ என்றால் அதை அடிக்க வேண்டும், அணைந்த பிறகுதான் அடியை நிறுத்த வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் பால் வெட்டு முடிந்ததும் பழக்கம் நடக்கும். ஆண்கள் கொக்கியும் கயிறும் பிடிக்க, பெண்கள் கிணற்றிலிருந்து லயம் வரைக்கும் வரிசையாக நின்று டின் கைமாற்றுவார்கள். வரிசையின் முதல் ஆள் கன்னையாவின் மனைவி மாரியாயி. எரியாத வீட்டுக்குத் தண்ணீர் ஊற்றுகிற கூத்தைப் பார்க்கவென்றே கள்ளுக்கடையிலிருந்து ஆட்கள் எழுந்து வருவார்கள்.

தண்ணீரால் மட்டும் அத்தாப்புத் தீ அடங்காது. லயம் என்பது ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருக்கும் வீடுகள். தீ வருகிற வழியில் ஒரு வீட்டைக் கொக்கி போட்டு இழுத்துச் சாய்த்து, சாய்ந்ததை நனைத்துவிட்டால், தீ அங்கே நின்றுபோகும். இதைக் கன்னையா சொன்னதும் பழக்கம் சண்டையில் முடிந்தது.

"எவ வீட்ட இழுப்பீங்க?" என்றாள் இராஜம்மா. நடு லயத்தில் அவள் வாய்க்கு எதிர்வாய் கிடையாது. "எங்க கூரையில கொக்கி விழுந்துச்சு, அப்புறம் நடக்கிறதே வேற, சொல்லிட்டேன்."

"ஆளு இல்லாத வீடாப் பாத்துதான் தாயி இழுப்போம். இழுக்கறதுக்கு முன்ன வாசல்ல நின்னு ஆள் இருக்கான்னு கேக்கணும். அது சட்டம்."

"பூட்டிட்டுப் போனா இழுத்துருவீங்களா? நல்ல சட்டம்!"

ஆளாளுக்குக் கத்தத் தொடங்கினார்கள். கன்னையாவுக்குக் கோபம் வராது, வந்தால் சிரித்துவிடுவான். "ஏன் இத்தன ரகள? என் வீடு நடு லயத்துல நடுவுலதான் இருக்கு. இங்க தீப்பிடிச்சா என் வீட்ட இழுங்க. நான் இருந்தாலும் இழுங்க, இல்லாட்டியும் இழுங்க. என்னைக் கேக்கவே வேணாம்."

அவனுக்கு வலக்கை போல் இருந்த அய்யாவு கைதட்டினான். மற்றவர்களும் தட்டினார்கள். அந்த வார்த்தையை யாரும் அவனிடமிருந்து பிடுங்கவில்லை. அவனாகத்தான் கொடுத்தான்.

மாரியாயிக்கும் கன்னையாவுக்கும் இரண்டு பிள்ளைகள். மூத்தவனுக்கு அம்மை கண்டபோது வாசலில் வேப்பிலை செருகினார்கள். வேப்பிலையைப் பார்த்ததும் டிரசர் வந்தார். காய்ச்சலுக்கு மருந்து கொடுக்கிற தோட்டத்து வைத்தியர் அவர். அம்மை என்றால் ஆற்றோரத்து ஒதுக்குக் கொட்டகைக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது உத்தரவு. பையன் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை, சேலை கிழிந்தது. பிறகு ஒருநாள் டிரசர் வந்து, சுண்ணாம்பு போட்டு மூடியாகிவிட்டது என்று சொன்னார். முகத்தைக்கூடக் காட்டவில்லை. அந்தக் கிழிந்த சேலையை மாரியாயி பிறகு உடுத்தவே இல்லை, தூக்கிப் போடவும் இல்லை.

இளையவள் அஞ்சலை. எட்டு வயது, வாய் ஓயாத குழந்தை. பிறகு வந்த ஒரு வறட்சி வருஷத்தில், ஒரு காலையில் அவள் நெற்றியில் முத்து முத்தாகக் கண்டபோது மாரியாயி கணவன் முகத்தைப் பார்த்தாள். கன்னையா எழுந்து கதவைச் சாத்தினான்.

அஞ்சலை பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று லயத்தில் சொன்னார்கள். அவர்கள் வீட்டுக்கு ஒரு பக்கத்து அறை பொம்பாக் கூட்டத்தின் டின்களும் கொக்கிகளும் வைக்கிற இடம். மறுபக்கத்தில் இருந்தவர்கள் ஒண்டிக்கட்டைகள். கள்ளுக்கடையிலிருந்து வந்து படுத்தால் இடி விழுந்தாலும் எழமாட்டார்கள். விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு இருவரும் போகாவிட்டால் கங்காணி கேள்வி கேட்பான். ஆகவே பிள்ளைக்குக் கஞ்சி கொடுத்து, வெளியே பூட்டுப் போட்டுவிட்டு, எந்த நாளும் போல வேலைக்குப் போனார்கள்.

"அம்மா வர்ற வரைக்கும் வாயே தொறக்கக் கூடாது கண்ணு. யாரு கூப்ட்டாலும் சரி, கதவத் தட்டினாலும் சரி."

"அய்யாவு சித்தப்பா கூப்ட்டாக்கூடவா?"

"சித்தப்பா கூப்ட்டாக்கூட."

வாய் ஓயாத அந்தப் பிள்ளை இதை எப்படித்தான் கடைப்பிடித்ததோ. வீட்டுக்குள்ளும் கிசுகிசுவென்றே பேசப் பழகிக்கொண்டது.

மாரியாயியை அரித்தது வேறொன்று. கோயில் வேப்பமரத்தில் ஒரு கொத்து ஒடித்து, பால் வாளிக்குள் மறைத்துக் கொண்டுவந்து பிள்ளையின் பாயில் போட்டிருந்தாள். ஆனால் வாசல் வெறுமையாக இருந்தது.

"வாசல்ல ஒரு கொத்து செருகிட்டா மனசு ஆறும்ங்க."

"செருகினா அடுத்த நிமிசம் டிரசர் நிப்பாரு. பெரியவன மறந்துட்டியா?"

"வந்திருக்கிறது ஆத்தா. வந்தவள ஒளிச்சு வச்சிருக்கமே."

"அவளும் தாய்தானே புள்ள. அவளுக்குப் புரியும்."

ஆத்தா புரிந்துகொண்டவள் போலத்தான் இருந்தாள். காய்ச்சல் விட்டது. முத்துகள் கறுத்து, உலர்ந்து, உதிரத் தொடங்கின. பிள்ளை பசிக்கிறது என்றது. மாரியாயி அடுப்படியில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதாள், சந்தோஷத்தில். "நாளைக் கழிச்சுத் தலைக்குத் தண்ணி ஊத்திரலாம்ங்க" என்றாள். மஞ்சளும் வேப்பிலையும் போட்ட வெந்நீரைத் தலைக்கு ஊற்றிவிட்டால் அம்மை இறங்கியாயிற்று என்று அர்த்தம்.

அன்று பார்த்துத்தான் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி கூப்பிட்டனுப்பினார். கன்னையா எத்தனையோ தடவை துரையிடம் கெஞ்சிக் கேட்டிருந்த கைப்பம்பு, பழசுதான், கிள்ளானில் ஒரு கிடங்கில் வந்து கிடக்கிறதாம். காலையில் போய் எடுத்துவர வேண்டும், ஓட்டும் விதத்தையும் அங்கேயே கற்றுக்கொள்ள வேண்டும். போகவில்லை என்றால் எல்லாரும் ஏன் என்று கேட்பார்கள். அதைவிட, அவனுக்கே போக வேண்டும் என்றிருந்தது. பிள்ளை பிழைத்துவிட்டது, பம்பு வந்துவிட்டது. ஒரு மனிதனுக்கு ஒரே நேரத்தில் இவ்வளவு கிடைக்குமா என்று ராத்திரியெல்லாம் புரண்டுகொண்டிருந்தான்.

மறுநாள் கிள்ளானில் உமர் ராவுத்தரின் மாட்டு வண்டியில் பம்பை ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டினார்கள். கிளம்புவதற்கு முன் கன்னையா கடைத்தெருவில் நுழைந்து ஒரு பொட்டலத்தோடு வந்தான். வழி நெடுக வெயில் கொளுத்தியது. ஓடைகளில் தண்ணீர் இல்லை, சேறு பிளந்து கிடந்தது.

"என்ன கன்னையா, பம்பக் கட்டிப் பிடிச்சுக்கிட்டே வர்றே? புதுப் பொண்டாட்டியா அது?"

"சிரிங்க பாய், சிரிங்க. உங்க கடையில தீப்பிடிக்கட்டும், அப்பத் தெரியும்."

"அட, நல்ல வாக்குச் சொல்லப்பா." ராவுத்தர் பொட்டலத்தைப் பார்த்தார். "அதுல என்ன?"

"பாவாடை. அஞ்சலைக்கு."

"அதுதான் பிரிக்பீல்ஸ்ல கெடக்கே."

"வந்துருவா பாய். நாளைக்கே வந்தாலும் வந்துருவா."

"வரட்டும், வரட்டும். அந்தப் புள்ள இல்லாம கடையே செத்துக் கெடக்கு. ஒரு துண்டு வெல்லத்துக்கு என்னா பேச்சுப் பேசும்! நாளைக்கு வந்தா நேரா கடைக்கு அனுப்பு. பெரிய துண்டாவே குடுக்கறேன்."

கன்னையாவுக்குச் சொல்லிவிடலாம் போல இருந்தது. பிள்ளை வீட்டில்தான் இருக்கிறது பாய், பிழைத்துவிட்டது என்று. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று சிரித்துக்கொண்டான்.

முதல் பாலத்தில் ஏறும்போது புகை தெரிந்தது. புகைவீட்டுப் புகை வெளுப்பாக, சோம்பலாகப் போகும். இது கறுப்பாக எழுந்து நின்றது. கன்னையா வண்டியிலிருந்து குதித்து ஓடினான். ராவுத்தர் பின்னால் மாடுகளை அதட்டுவது கேட்டது. இரண்டாவது பாலத்தில் நின்று காது கொடுத்தான். தண்டவாள அடி கேட்கவில்லை. அடி நின்றிருந்தால் தீ அடங்கிவிட்டது. அவன் வைத்த வழக்கம்தான் அது. அவனுக்கு மூச்சு வந்தது.

நடு லயத்தின் முன்னால் திருவிழாக் கூட்டமாக இருந்தது. கரி பூசிய முகங்களோடு ஆட்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். டின்கள் சிதறிக் கிடந்தன. அய்யாவு ஓடிவந்து அவனை அப்படியே தூக்கிவிட்டான்.

"அண்ணே! ஜெயிச்சிட்டோம்ணே! மேற்கு முனையில யாரு அடுப்போ தெரியல, காத்துல பொறி பறந்து பிடிச்சிருச்சு. மூணே மூணு வீடுதாண்ணே போச்சு. லயமே நிக்குது பாருங்க!"

"எப்படிடா நிறுத்தினீங்க?"

"நீங்க சொன்னபடிதான். உங்க வீட்ட இழுத்துட்டோம்." அய்யாவு இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். "ஒரே இழுப்பு. பூட்டு தொங்குச்சு, அப்படியும் வாசல்ல நின்னு ரெண்டு வாட்டி கேட்டேண்ணே, உள்ள ஆள் இருக்கான்னு. உங்க சட்டம்லா."

இராஜம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி வந்தாள். "உங்க வீடு போயி எங்க வீட்டக் காப்பாத்துச்சு அண்ணே. என் வாய மன்னிச்சிருங்க. ஞாயித்துக்கிழமை எல்லாரும் சேந்து கட்டிக் குடுக்கறோம்."

கூட்டம் வழிவிட்டது. நனைந்த அத்தாப்புக் குவியல்மேல் ஏறி, முழங்காலில் விழுந்து, இரண்டு கையாலும் பிடுங்கி எறியத் தொடங்கினான்.

"பெட்டியத் தேடறீங்களா? அப்புறம் எடுத்துக்கலாம்ணே, கூரை சுடுது."

"அஞ்சலை" என்றான் கன்னையா.

"அஞ்சலை பிரிக்பீல்ஸ்ல…" என்று தொடங்கிய அய்யாவு அவன் முகத்தைப் பார்த்தான். கொக்கி பிடித்த கைகளும் கயிறு இழுத்த கைகளும் குவியலைப் பிய்த்தன.

முகட்டு மரத்தின் கீழே, பாயில் இருந்தாள். தீ அவளைத் தொடவே இல்லை. வாடிய வேப்பிலைக் கொத்து தலைமாட்டில் கிடந்தது. வலது கை வாயைப் பொத்தியிருந்தது. புகைக்காகப் பொத்தினாளோ, அம்மா சொன்னதற்காகப் பொத்தினாளோ, யாருக்குத் தெரியும்.

"கூப்பிட்டேனே" என்றான் அய்யாவு. "அண்ணே, ரெண்டு வாட்டி கூப்பிட்டேனே." அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். யாரோ அவனைப் பிடித்து உட்காரவைத்தார்கள்.

மாரியாயிக்கு அன்று தூரத்துக் காட்டில் வேலை. தண்டவாளச் சத்தம் அங்கே எட்டாது. மற்றப் பெண்களோடு பேசியபடியே காண்டாக் கம்பின் இரு முனையிலும் பால் வாளிகளைத் தொங்கவிட்டுத் தோளில் போட்டுக்கொண்டு வந்தவள், கூட்டத்தையும், தன் வீடு இருந்த இடத்தையும், கணவன் மடியையும் பார்த்தாள். வாளிகளைக் கீழே வைத்தாள். பால் சிந்தாமல் வைத்தாள் என்று பிறகு பெண்கள் சொல்லிச் சொல்லி அழுதார்கள்.

கிட்டே வந்து, பிள்ளையின் வாயிலிருந்து கையை மெதுவாக எடுத்துவிட்டாள்.

"போதும் கண்ணு. அம்மா வந்துட்டேன். இனிமே பேசலாம்."

கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தாள். "தண்ணி கொண்டாங்க. தலைக்கு ஊத்தணும். நாளைக்குன்னு இருந்தேன்."

யாரும் உத்தரவு போடவில்லை. பெண்கள் கிணற்றிலிருந்து வரிசையாக நின்றார்கள். பழகிய கைகள். டின்கள் கைமாறி வந்தன. இராஜம்மா மஞ்சள் அரைத்துக் கொண்டுவந்தாள். கோயில் மரத்திலிருந்து ஒரு கிளையையே ஒடித்து வந்து, சாய்ந்து கிடந்த வாசல்காலில் செருகினாள். "ஒரு கொத்து இருந்திருந்தா எவன் இந்த வீட்ட ஏறெடுத்துப் பாத்திருப்பான்? ஏண்டி மறச்சே, ஏண்டி பாவி!" என்று மாரியாயியின் தோளில் அடித்து, அடித்த கையாலேயே கட்டிக்கொண்டாள். டிரசர் தூரத்தில் வந்து நின்றார். யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை, அவரும் கிட்டே வரவில்லை. ராவுத்தரின் வண்டி பம்போடு சாலையோரத்திலேயே நின்றது. அவர் பொட்டலத்தை எடுத்துவந்து கன்னையாவின் பக்கத்தில் வைத்துவிட்டு, தலைப்பாகைத் துணியால் முகத்தை மூடிக்கொண்டார்.

புதுப் பாவாடையை உடுத்தித்தான் கொண்டுபோனார்கள்.

காரியம் முடிந்த மறுநாள் அய்யாவு கொக்கிகளையெல்லாம் வாரிக்கொண்டு ஆற்றில் போடப் போனான். மாரியாயிதான் வழியில் மறித்தாள்.

"அதுங்க என்ன பண்ணுச்சு தம்பி? கொண்டுபோயி எடத்துல வையி."

"நாலு வார்த்த கேட்டேன் அண்ணி, ஆளு இருக்கான்னு. பேரச் சொல்லிக் கூப்பிடலியே. அஞ்சலைன்னு ஒரு வாட்டி கூப்பிட்டிருந்தா எங்குரலுக்கு வந்திருக்குமே."

வந்திருக்க மாட்டாள் என்று மாரியாயிக்குத் தெரியும், கன்னையாவுக்கும் தெரியும். அதை இருவரும் அவனிடம் கடைசி வரை சொல்லவில்லை. சொன்னால் அவனுக்கு ஆறுதல்தான். ஆனால் அந்த வார்த்தையை வாயால் சொல்ல மாரியாயியால் முடியவில்லை.

கன்னையா அதற்குப் பிறகு கூட்டத்துக்குத் தலைவனாக இருக்கவில்லை. அய்யாவுவிடம் விட்டுவிட்டான். பம்பின் கைப்பிடியை அழுத்துகிறவர்களில் ஒருவனாக நின்றுகொண்டான். பேச்சும் குறைந்துபோயிற்று. மாரியாயி முதல் ஞாயிற்றுக்கிழமையே வரிசையில் தன் இடத்தில் வந்து நின்றாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். தீப்பிடித்தது என்று தண்டவாளம் அடிக்கிற போதெல்லாம் கூட்டம் ஓடியது. பக்கத்துக் கம்பம் என்கிற கிராமத்து மலாய்க்காரர் வீட்டையும், சாலையோரச் சீனன் கடையையும்கூட அணைத்துக் கொடுத்தது.

ரப்பர் விலை விழுந்து, பாதி சனம் கப்பலேறிப் போன வருஷத்தில் கீழ் லயத்தில் மறுபடியும் தீ. நடுப்பகல், நல்ல காற்று. இழுக்க வேண்டிய வீடு வாசு என்பவனுடையது. வேறு தோட்டத்திலிருந்து புதிதாக வந்தவன். பெண்டாட்டி பிள்ளைகளோடு வெளியே நின்றுகொண்டு, எல்லாரும் வந்தாயிற்று, இழுங்கள் என்று தானே கத்தினான். கொக்கி கூரையில் விழுந்தது. ஆட்கள் கயிற்றைப் பிடித்தார்கள். யாரும் இழுக்கவில்லை.

அய்யாவு வாசலுக்குப் போய், வெறும் வீட்டுக்குள் தலையை நீட்டிக் கூப்பிட்டான்.

"அஞ்சலை!"

"எங்க வீட்ல அந்தப் பேருல யாரும் கெடையாதுய்யா!" வாசு பதறினான். "தீ வருது, இழுங்கய்யா!"

"அஞ்சலை! சித்தப்பா கூப்பிடறேன்டா!"

கன்னையாவின் கை பம்பின் பிடிமேல் நின்றது. எல்லாரும் காத்திருந்தார்கள். அத்தாப்பு வெடிக்கிற சத்தம் கிட்டே வந்துகொண்டிருந்தது. வரிசையின் தலையில், கையிலிருந்த டின்னை அடுத்தவளிடம் கொடுத்துவிட்டு, மாரியாயி குரல் கொடுத்தாள்.

"அவ இங்க இல்ல தம்பி. இழுங்க."

கயிறு இறுகியது. கன்னையா பம்பை அழுத்தத் தொடங்கினான்.